சவப்பெட்டிப் பாதை வழியாகப் பள்ளிக்கூடம்

நியூஜெர்சியில் நாம் முதலில் குடியிருந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரியும். கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து, உனக்கு எந்த ஜாக்கெட் என்று முடிவு செய்வேன். அவ்வளவு பக்கம். பக்கமாக இருந்ததுதான் சங்கடமாகப் போயிற்று. தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பள்ளி பஸ் வரும், பக்கத்தில் இருப்பவர்கள் நடந்தே வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எதில் நடப்பது? வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே போன ரோட்டில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் நேராகப் பள்ளம். ஜல்லி லாரி ஒன்று கடந்தால், குழந்தையை வைத்துத் தள்ளுகிற ஸ்ட்ரோலர் தானாக நகரும். அந்த ஸ்ட்ரோலரில் உன் தம்பி. அவனுக்கு அப்போது நடக்கவே வராது. உனக்குக் கிண்டர்கார்டன் தொடங்கப் போகிற வயது. தொண்ணூறுகளின் பின்பாதி அது. நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்களாகி, "அந்த ஊரில் நமக்கு என்னப்பா இருந்தது?" என்று கேட்டுவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்து, திருப்பூர்ப் பக்கம் மில்லில் மெஷின் பார்த்தவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா புரோகிராமர். அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நாம் இந்த நாட்டுக்குள் நுழைந்தோம். எனக்கு டிபென்டென்ட் விசா, வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டில் ஒரே கார். அம்மா எட்டு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும் என்பதால் ஏழேகாலுக்கே அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பள்ளிக் கதவு திறப்பதோ எட்டரைக்கு. ஆகவே உன்னைக் கொண்டுபோய் விடுகிற வேலை எனக்கு. அந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வழி தேடிக் கிளம்பினேன். நம் தெரு புதுத் தெரு. வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். தெரு முடிகிற இடத்தில் ஒரு சோளக்காடு. காட்டின் ஓரத்தில் இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே, ஆள் நடக்கிற அகலத்துக்குப் புல் தரை ஒன்று நேராகப் போனது. அதற்குள் ஸ்ட்ரோலரை விட்டேன். உருண்டது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு வெள்ளை மரச் சர்ச்சின் பின்பக்கம், கல்லறைகளுக்கு நடுவே போய் நின்றோம். அதற்கு அடுத்த காம்பவுண்டு உன் பள்ளிக்கூடம்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு வயதான அம்மா மண்டியிட்டு, பிரஷ்ஷும் தண்ணீருமாக ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்ததும், "எந்த வழியாக வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"லண்டன் வழியாக," என்றேன். இந்த நாட்டில் யார் என்னை எது கேட்டாலும் இமிகிரேஷனில் கேட்பது போலவே எனக்குப் படும்.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதோ படுத்திருக்கிறார்களே, இவர்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தார்கள்," என்றார்.

பள்ளி திறந்த பிறகு உன்னை விட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவரோடு கொஞ்ச நேரம் பேசுவேன். அந்தச் சர்ச்சின் சரித்திரம் முழுக்க அவருக்குத் தெரியும். கேட்க ஆள் இல்லாமல் இருந்தார். எனக்கோ பகல் முழுக்கப் பேச ஆள் இல்லை. இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்திலிருந்து சில குடும்பங்கள் கப்பலேறி வந்து இந்தக் காட்டை வெட்டித் திருத்தியிருக்கின்றன. விட்டு வந்த கிராமத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். அங்கே சர்ச் மேட்டில் இருந்ததால் இங்கேயும் மேட்டில் கட்டினார்கள். அங்கே சர்ச்சுக்கு உட்பட்ட நிலத்துக்கு எல்லைக் கற்கள் உண்டு. இங்கேயும் நட்டார்கள். வருடத்தில் ஒரு நாள், வசந்த காலத்தில், ஊர் மொத்தமும் அந்த எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் குச்சியால் அடிக்க வேண்டும். அதோடு ஒரு சின்னப் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி, கல்லில் நெற்றியை ஒரு தட்டுத் தட்டி விடுவார்களாம்.

"எதற்கு?" என்றேன்.

"பிள்ளை அந்த இடத்தை ஆயுசுக்கும் மறக்காது அல்லவா? பிற்காலத்தில் யாராவது கல்லை நகர்த்தினால் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டுமே."

 எங்கள் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை நகர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்போதும் நடக்கிறீர்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சுற்றுகிறோம். காரில். எங்களுக்கெல்லாம் முட்டி போய்விட்டது. கல்லுக்குக் கல் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, குச்சியை நீட்டித் தட்டிவிட்டுப் போவோம். கார் போகாத இடத்தை விட்டுவிடுவோம். நீங்கள் வருகிறீர்களே, அந்தப் பாதையில் கார் போகாது."

பிறகு அந்தப் பாதையின் பெயரைச் சொன்னார். சவப்பெட்டிப் பாதை. வீடுகள் அந்தப் பக்கம், கல்லறை இந்தப் பக்கம் என்பதால், செத்தவர்களைத் தோளில் வைத்துக் கொண்டுவந்த வழி அது.

சாயங்காலம் அம்மா வந்ததும் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளர் பாதியில் நின்றது.

"ஏனுங்க, பொணம் போற தடத்துலயா புள்ளையக் கூட்டிட்டுப் போறீங்க?"

எங்கள் பக்கத்தில் பாதையைத் தடம் என்றுதான் சொல்வோம்.

"அட, பொணம் போயி நூறு வருசம் ஆச்சு புள்ள. இப்பெல்லாம் அதுவும் கார்லதான் போகுது."

"தடம் அதே தடந்தானுங்களே?"

"வெள்ளக்காரப் பொணம். நம்மள என்ன பண்ணப் போகுது?"

"பொணத்துல என்னுங்க வெள்ள, கறுப்பு? வந்ததும் தலைக்கு ஊத்திட்டுத்தான் ஊட்டுக்குள்ள வரோணும். ரெண்டு புள்ளைங்களும், நீங்களும்."

தினமும் இரண்டு தடவை தலைக்கு ஊற்றினால் பிள்ளைகளுக்குச் சளி பிடித்துவிடும் என்று வாதாடிப் பார்த்தேன். கடைசியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்று இறங்கி வந்தாள். காராஜில் ஒரு வாளி, ஒரு சொம்பு. ஜனவரியில் வாளியின் மேலே ஐஸ் பிடித்திருக்கும். சொம்பால் தட்டி உடைத்துத்தான் தெளித்துக்கொள்வோம். நீ கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, "அப்பா, திஸ் இஸ் ஸோ அன்ஃபேர்!" என்று கத்துவாய். ஆனால் ஒரு நாள்கூட நாம் லேட்டாகப் போனதில்லை. பனி விழுந்தால் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, தம்பியை நெஞ்சில் கட்டிக்கொண்டு நடப்பேன்.

மார்ச் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பாதையின் வாயில் சங்கிலி கட்டியிருந்தது. உள்ளே வரக் கூடாது என்று ஒரு போர்டு. சோளக்காட்டுக்காரர் இறந்து, பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வீடு கட்டி விற்கிறவர்.

அன்று உன்னை ரோட்டு வழியாகக் கூட்டிப் போனேன். பாதி தூரத்தில் ஒரு லாரி கடந்த காற்றில் உன் தொப்பி பள்ளத்துக்குள் போய் விழுந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டு, இனி காலை நேரத்து லாரிகளுக்கு நடுவே இந்த ரோட்டில் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது என்று சொன்னேன்.

மறுநாளிலிருந்து அம்மாவே காரில் உன்னை விட்டுவிட்டுப் போனாள். பள்ளி விடுகிற நேரத்தில் லாரி குறைவு என்பதால், திரும்பும்போது மட்டும் நான் ரோட்டோரமாகக் கூட்டி வருவேன். கதவு திறந்து உன்னை உள்ளே அனுப்பிவிட்டு அவள் ஆபீஸ் போய்ச் சேர ஒன்பதேகால் ஆகிவிடும். எட்டு மணி மீட்டிங்கில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னாராம். அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

"இப்பத்தானுங்க கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கறாங்க. இந்த நேரத்துல அந்தாளு பேப்பரத் திருப்பி எடுத்துட்டான்னா நாம நாலு பேரும் பொட்டியக் கட்டோணும்."

நம் தெருவிலேயே வேன் வைத்திருந்த சென்னைக்காரர் ஒருவர் இருந்தார். நீங்கள் வேன் அங்கிள் என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். அவரும் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறவர். டே கேரில் விடலாம் என்றால் அம்மா சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் அந்தப் பாதை திறந்தாக வேண்டும். திறக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஊரில் தடத்துச் சண்டை வந்தால் இரண்டு வழி உண்டு. கோர்ட்டுக்குப் போய் மூன்று தலைமுறைக்கு நடப்பது ஒன்று. பழத்தட்டோடு போய்ப் பேசுவது இன்னொன்று. நான் பழத்தட்டை எடுத்தேன். நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து வெற்றிலை, தேங்காய் எல்லாம் வேன் அங்கிளை வாங்கி வரச் சொல்லி, தட்டில் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் புது நிலக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "நன்றி. நான் வீட்டு வாசலில் எதுவும் வாங்குவதில்லை," என்று கதவைச் சாத்தப் போனார்.

விற்க வரவில்லை, பேச வந்தேன் என்று புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் மோசமான மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். தேங்காயைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: "பழைய பாதை என்று எனக்கும் சொன்னார்கள். நடக்கிறது யார்? சர்ச்காரர்களே காரில் சுற்றுகிறார்கள். சர்ச் சபையார் நடந்தால் அது பாதை. நீங்கள் ஒரு ஆள் நடந்தால் அது அடுத்தவன் நிலத்தில் நுழைவது. நான் வீட்டு பிளான் கொடுத்துவிட்டேன். மே மாதம் டவுன்ஷிப் மீட்டிங்கில் முடிவாகிவிடும்."

டவுன்ஷிப் என்றால் நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. அவர் சொன்னது எனக்கு உறைத்தது. நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் டீச்சரம்மாவிடம் சொன்னேன்: "இந்த வருடம் எல்லையை நடந்தே சுற்ற வேண்டும். அந்தப் பாதையையும் சேர்த்து."

"யார் நடப்பது? நாங்கள் ஒரு டஜன் பேர்கூட இல்லை. அதில் பாதிப் பேருக்கு வாக்கர்."

"ஆள் நான் கொண்டுவருகிறேன்."

"நீங்கள் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்கள் இல்லையே," என்றார். பிறகு அவரே சிறிது யோசித்துவிட்டு, "பழைய கணக்கில் அதெல்லாம் கேட்பதில்லை. எல்லைக் கல்லுக்கு உள்ளே யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ அவர்கள் எல்லோரும் இந்தச் சபையின் பொறுப்பு. பிரார்த்தனைக்கு வந்தாலும் வராவிட்டாலும் சரி. உங்கள் தெரு எல்லைக்குள்தான் இருக்கிறது," என்றார். நடை நாளன்று ஒரு நாள் மட்டும் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லி நிலக்காரரிடம் அவரே பேசி வாங்கினார்.

ஆள் சேர்க்க பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனுக்குப் போனேன். தயிர்சாதத் தட்டோடு நின்ற நம் ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன சார், நடக்கறதுக்காக நாப்பது நிமிஷம் டிரைவ் பண்ணி வரணுமா?" என்றார் ஒருவர்.

"நீங்க ட்ரெட்மில்ல நடக்கறதுக்கு ஜிம்முக்கு டிரைவ் பண்றதில்லீங்களா?" என்றேன். சிரித்தார்கள். ஆனால் யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரர் சர்ச்சைச் சுற்றி நாம் எதற்கு நடப்பது என்று தயங்கினார்கள். அப்போதுதான் என் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"பழனிக்கு நடக்கறமில்லீங்க, அந்த மாதிரி நெனச்சுக்குங்க. பாதயாத்திரை."

அவ்வளவுதான். ஈரோட்டுக்காரர் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "யாத்திரைன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன? அமெரிக்கா வந்து ஆறு வருசமா ஒரு தைப்பூசத்துக்கும் நடக்கல. எத்தன மைலுங்க?" உடுமலைக்காரர், பல்லடத்துக்காரர் என்று ஆள் மளமளவெனச் சேர்ந்தது. நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். என்ன சொல்லி ஆள் சேர்த்திருக்கிறேன் என்பதை யோசிக்கவில்லை.

அம்மா மட்டும் வர மறுத்துவிட்டாள். "அந்தத் தடத்துல நான் கால வெக்க மாட்டனுங்க. வேணும்னா நடக்கறவங்களுக்குப் புளிசாதம் கட்டித் தாரேன்."

மே மாதம் முதல் ஞாயிறு. சர்ச் வாசலில் பாஸ்டர், டீச்சரம்மா, கோட்டுப் போட்ட நாலைந்து முதியவர்கள், கையில் வில்லோ மரக் குச்சியோடு நின்றார்கள். கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. நம் ஆட்கள் இறங்கினார்கள். பச்சை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால், தோளில் துண்டு. பெண்கள் கையில் மஞ்சள் பை. ஈரோட்டுக்காரர் ஒரு தடவை "அரோகரா!" என்றார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் வேன் அங்கிளைப் பார்த்தேன்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க? நான் பேன்ட்தான் போட்டிருக்கேன்," என்றார் அவர்.

நடந்தோம். நன்றாகவே நடந்தோம். வாக்கர் வைத்திருந்தவர்களை நம் ஆட்கள் இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பாஸ்டர் ஒரு ஜெபம் சொல்வார், எல்லோரும் குச்சியால் தட்டுவார்கள். நீயும் ஒரு குச்சியோடு முன்னால் ஓடினாய். சவப்பெட்டிப் பாதையின் வாயில் இருந்த கல் சாய்ந்து, பாதி மண்ணுக்குள் இருந்தது. அங்கேதான் பிள்ளையைத் தூக்கித் தட்ட வேண்டும் என்றார் டீச்சரம்மா. "மீ! மீ!" என்று நீ குதித்தாய். நான் உன்னைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள, அவர் உன் நெற்றியைப் பிடித்துக் கல்லில் பூப்போல ஒற்றி எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

உன்னை நிமிர்த்தி விட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஈரோட்டுக்காரர் கல்லைச் சுற்றி மண்ணைத் தோண்டிவிட்டுக் கொண்டிருந்தார். உடுமலைக்காரர் சம்சாரம் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். எல்லையில் ஒரு கல் நின்றால் நம் ஆட்களுக்கு அது வெறும் கல்லாகவா தெரியும்? நான் வேண்டாம் என்று கை தூக்குவதற்குள் தேங்காய் சிதறி, கோட்டுப் போட்டவர் ஷூ மேல் தண்ணீர் தெறித்தது. கற்பூரம் எரிந்தது.

 டீச்சரம்மா குனிந்து ஒரு சில்லு தேங்காயை எடுத்தார்.

"நாங்கள் கல்லை அடிக்கிறோம். நீங்கள் அதற்குச் சாப்பாடு போடுகிறீர்கள்," என்று சொல்லிவிட்டு அதைக் கடித்தார்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் நிலக்காரர் நின்றிருந்தார். கையில் கேமரா.

மீட்டிங் நாளன்று டவுன்ஷிப் ஹால் நிறைந்துவிட்டது. அம்மா என்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி அவள் மடியில் தூங்கினான். நீ வேன் அங்கிள் வீட்டில் இருந்தாய். நிலக்காரரின் வக்கீல் பெரிதாக்கிய போட்டோ ஒன்றை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் கற்பூரம் எரிய, அந்தக் கல் சாட்சாத் அம்மனாகவே இருந்தது. எனக்கே கையெடுக்கத் தோன்றியது.

"இன்று ஒரு கல். நாளை ஒரு கோயில். பாதை என்பதெல்லாம் சாக்கு," என்றார் வக்கீல்.

ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஷூ நனைந்த அந்தச் சர்ச்காரரே எழுந்து, "நாங்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை," என்றார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். எந்த ஆட்களைக் கூட்டி வந்து பாதையைக் காப்பாற்ற நினைத்தேனோ, அவர்களாலேயே அது மூடப்போகிறது. அந்தக் கேன்டீனில் நான் சொன்ன ஒரு வார்த்தையால்.

டீச்சரம்மா எழுந்தார். தங்கள் மூதாதையர் விட்டு வந்த கிராமத்தில் ஒவ்வொரு கல்லின் மேலும் பீர் ஊற்றினார்கள் என்றார். பாட்டுப் பாடினார்கள், பையன்களைக் கல்லிலேயே படுக்க வைத்து அடித்தார்கள் என்றார். "தேங்காய் அதைவிட விநோதமா? எனக்குத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் மறந்துபோன ஒரு கல்லை இவர்கள் கழுவினார்கள்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

டவுன்ஷிப் போர்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்றேன். கல்லைப் பற்றி விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கல்லப் பத்திப் பேசாதீங்க. புள்ளையப் பத்திப் பேசுங்க."

பேசினேன். என் மகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். பஸ் இல்லை. ரோட்டில் நடைபாதை இல்லை. கார் ஒன்றுதான், அதில் என் மனைவி வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நாங்கள் இந்த நாட்டில் இல்லை. கோயில் எங்களுக்கு பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறது, அங்கே பார்க்கிங்கும் இருக்கிறது. பின்னால் யாரோ சிரித்தார்கள். இங்கே எனக்குக் கோயில் வேண்டாம், நடக்க இடம் போதும். ஸ்ட்ரோலர் அகலத்துக்கு. இரண்டு கையையும் விரித்து அகலத்தைக் காட்டினேன்.

"அந்தப் பாதையில் இத்தனை வருடமாக யார் நடந்தது?" என்று தலைவர் பொதுவாகக் கேட்டார். சர்ச்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். மழையிலும் பனியிலும் தினமும் நடக்கிறவன் என்று டீச்சரம்மா சொன்னார்.

அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் சொன்னார்: வீடுகள் கட்டலாம். பாதை இப்போது இருக்கிற இடத்தில் இருக்க முடியாது, காட்டின் ஓரத்துத் தண்ணீர்க் கால்வாயை ஒட்டி நகர வேண்டும். சுற்று. ஆனால் சர்ச் வரைக்கும் போகும். "ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இதை யார் பார்த்துக்கொள்வது? புல் வெட்ட, பனி தள்ள டவுன்ஷிப்பில் ஆள் கிடையாது. நிலக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. பொறுப்பெடுக்க ஆள் இல்லையென்றால் பாதை இல்லை."

 டீச்சரம்மா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி கையைத் தூக்கினேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் பனி தள்ளத் தெரியுமா?" என்றாள் அம்மா, வாயை அசைக்காமல்.

"கத்துக்கறேன்."

"புல்லு வெட்ட மெஷினே இல்லீங்களே."

"கையில வெட்டறேன். மூடறதுக்கு மட்டும் நான் விடமாட்டேன் புள்ள."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த தம்பியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவளும் கையைத் தூக்கினாள். மீட்டிங் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தி, "இரண்டு பேரா?" என்று கேட்டார்.

"டூ," என்றாள் அம்மா.

வெளியே வந்தபோது நிலக்காரர் கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "அந்த மஞ்சள் போகுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இரண்டு மழையில் போய்விடும்."

"சரி," என்றார். "கால்வாய் ஓரம் சேறாக இருக்கும். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்."

அடுத்த திங்கட்கிழமை காலை, உள்ளே வரக் கூடாது என்ற போர்டு இருந்த இடத்தில் கம்பம் மட்டும் இருந்தது. புதுப் பாதைக்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். மற்றபடி சேறும் களையும். ஸ்ட்ரோலர் சக்கரம் உருளவில்லை. அதை மடித்து முதுகில் மாட்டிக்கொண்டேன். தம்பியை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "திஸ் இஸ் லாங்கர், அப்பா," என்றாய். ஆமாம், கொஞ்சம் சுற்றுதான் என்றேன். ஒரு இடத்தில் உன் ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டு, மணி அடிக்கும்போது வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"எட்டு மணிக்கு முன்னாலயே சீட்டுல உக்காந்துட்டனுங்க," என்றாள் அம்மா. "மேனேஜர் வந்து பாத்துட்டுப் போனாரு. ஒண்ணும் சொல்லல. புள்ள போயிட்டாளா?"

"போயிட்டா," என்றேன். "நேரத்துக்குப் போயிட்டா."